கழுவிக் கொடுத்த கிழங்குகள்

உருளைக்கிழங்கில் ஒட்டிய சேறு குளிர்ந்த தண்ணீரில் கரையும்போது எழும் மண்வாசனை இன்றும் என்னை ஒரு சனிக்கிழமைக்கு இழுத்துப்போகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கனடாவின் வோபர்னில் ஒரு வீட்டு "பேஸ்மென்ற்"றில் அம்மாவும் நானும் குடியிருந்தோம். மேலே வீட்டுக்காரர், மனைவியை இழந்த அயர்லாந்துக் கிழவர், தனியே இருந்தார். வசந்தத்தில் பின்வளவுப் புல்லை மண்ணோடு புரட்டி உயரப் பாத்தி கட்டிக் கிழங்கு நடுவார். இலையுதிர்காலத்தில் கிண்டியெடுத்து, சேறு தானாகக் காயும்படி கொட்டிலில் பரப்பி, பிறகு ஆழமில்லாத குழியில் வைக்கோல் விரித்துக் கூரைபோலக் குவித்து, மறுபடி வைக்கோலும் தடிப்பாய் மண்ணும் போட்டு மூடி, மூச்சுவிட உச்சியில் ஒருபிடி வைக்கோலைச் செருகிவிடுவார். அடுத்த வருட விதையும் அதற்குள்தான். மனைவி முதன்முதலில் நட்ட கிழங்கின் வழிவந்த விதை, இனி எங்கும் வாங்க முடியாது என்பார்.

ஓர் ஐப்பசியில், கிழங்கு கிண்டிய மறுநாளே அவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். நாங்கள் வந்திறங்கிய மாரிக்குளிரில் எங்களுக்குக் குளிர்ச்சட்டை தந்தவர் அவர். கடைக் கிழங்கைத் தவிர வேறு கண்டறியாத அம்மா, "வருத்தக்கார மனிசன் வந்து உந்தச் சேறெல்லாம் கழுவுறதே?" என்று உடுப்புத் தோய்க்கும் தொட்டியை நிரப்பினார். சனிக்கிழமை முழுக்க, ஒன்றுகூட விடாமல் கழுவினோம். பிறரிடம் வாங்கி வாங்கியே கூசிப்போயிருந்த அம்மா அன்று பாட்டு முணுமுணுத்தார். கனடாவுக்கு வந்தபின் அம்மாவின் வாயில் நான் கேட்ட முதல் பாட்டு அது.

திரும்பி வந்த கிழவர் ஒரு கிழங்கைக் கையிலெடுத்துப் புரட்டிப் பார்த்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது; எல்லாவற்றுக்கும் நான்தான் வாய்.

"கழுவினது குழிக்குள் அழுகிப்போகும். அம்மாவிடம் சொல்லாதே," என்றார், முகத்துச் சிரிப்பு மாறாமல்.

என்னவாம் என்று அம்மா கேட்டார்.

"நல்ல வடிவாய்க் கழுவியிருக்கிறியளாம்," என்றேன்.

முடிந்தமட்டும் உலர்த்தித்தான் அவர் குழியை மூடினார். பனி உருகியபின் மண்வெட்டி படுமுன்னரே நாற்றம் வந்துவிட்டது. விதைக்கு ஒரு கிழங்குகூட மிஞ்சவில்லை. குளிரில் பழுதாகிவிட்டதாம் என்று அம்மாவுக்குச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் பாத்தி கட்டவேயில்லை.

கிழவர் போய் வெகுகாலம். பாத்தி இருந்த இடத்தில் இப்போது தார் ஊற்றிக் கார்கள் நிறுத்துகிறார்கள். அம்மா என்னோடு யூனியன்வில்லில் இருக்கிறார்; பையில் கழுவியே வரும் கிழங்கை மறுபடி கழுவும்போதெல்லாம் கேட்பார்:

"அந்த மனிசனுக்கு நாங்கள் செய்த ஒரேயொரு உதவி உதுதான், என்ன பிள்ளை?"

"ஓமம்மா," என்பேன்.