வயலினைத்தான் வாசிப்போம்

என் பேத்தி செரின் தாம்பரத்தில் பத்தாவது படிக்கிறாள். விடியலில் கணக்கு, சாயங்காலம் ஒரு மணி நேரம் வயலின். இரண்டிலும் குறை வைத்ததில்லை.

போன வாரம் பள்ளிக்கூடத்தில் அவளுடைய தமிழ் டீச்சர் ஒரு தாளை நீட்டி, "பாட்டி, செரின் நல்லா வாசிக்கணும்ல? இதுல கைநாட்டு வைங்க" என்றார். சந்தோஷமாக வைத்தேன். வீட்டில் அந்தத் தாளின் நகலைப் படித்துவிட்டுச் செரின் அழுதாள். பரீட்சை முடியும்வரை அவள் வயலினைத் தொடமாட்டாள் என்று நான் ஒப்புக்கொண்டிருக்கிறேனாம்!

மறுநாளே அவளையும் கூட்டிக்கொண்டு டீச்சர் முன்னால் போய் நின்றேன்.

"வாசிக்கணும்னு நான் பாடத்தைச் சொன்னேன், பாட்டி."

"எங்க வூட்ல பாடத்தப் படிப்போம், வயலினத்தான் வாசிப்போம். படிக்காதவள ஏமாத்தத்தான் தமிழ் படிச்சியா?"

"கைநாட்டு வச்சிட்டீங்களே!"

"இன்னொண்ணு வெக்கிறேன். செரின் வயலின் வாசிப்பாள்னு எழுதும்மா."

எழுதினார். அதைச் செரின் உரக்கப் படித்த பிறகே விரலை மையில் தோய்த்தேன்.