ஸ்கேன் வேனில் சிரிக்கக் கூடாது

கும்மிடிப்பூண்டியில் ஸ்கேன் எடுக்கும் டொக்டர் சிரிக்க மாட்டார். முறைக்கவும் மாட்டார். வந்த புதிதில், அகதிகள் என்றபடியால் எங்களைப் பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது. வயிற்றுப் பிள்ளை ஆணா பெண்ணா என்று சொல்வது இந்த நாட்டில் சட்டப்படி குற்றம். சொல்லக் கூடாது என்றதும் பெண்கள் டொக்டரின் முகத்தைப் படிக்கத் தொடங்கிவிட்டார்கள். சிரித்தால் ஆண், உதட்டைச் சுழித்தால் பெண், தும்மினால் இரட்டை. பாவம், அந்த மனுஷி காலையிலிருந்து முகத்தை மரக்கட்டை மாதிரி வைத்திருக்க வேண்டும்.

ஊரில் இருப்பவர்கள் நம்ப மாட்டார்கள், ஸ்கேன் மெஷின் இங்கே வேனில் வருகிறது, முகாம் வாசலுக்கே. மடித்தால் சூட்கேஸ், திறந்தால் டிவி. நிறைமாதக்காரிகளுக்கு முதல் இடம். ஆனால் திரை டொக்டர் பக்கம்தான் திரும்பியிருக்கும். வயிறு நம்முடையது, படம் அவருடையது.

மன்னாரில் மூத்தவனுக்கு ஸ்கேன் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதை சண்டையில் மூடிக் கிடந்தது. மருத்துவிச்சி வயிற்றைத் தடவிப் பார்த்து, "தலை கீழதான் பிள்ளை, பயப்படாதே" என்றார். அவரில் பிழையில்லை, கைக்குத் தட்டுப்பட்டதைச் சொன்னார். கால்தான் முதலில் வந்தது. தலை வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவனை அந்த மண்ணில் வைத்துவிட்டுத்தான் நானும் கணவரும் படகேறினோம். இங்கே மறுபடி வயிறு நிறைந்தபோது எனக்கு இருந்தது ஒரே கேள்வி. தலை எங்கே?

வேனுக்கு மல்லிகா அக்கா துணைக்கு வந்தார். கவரைப்பேட்டைக்காரர், முகாம் வாசலில் இட்லிக் கடை வைத்திருப்பவர். முகம் படிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. வேன் கதவுக்கு வெளியே நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டொக்டர் கருவியை என் நெஞ்சுக்குக் கீழே வைத்து நெடுநேரம் நிறுத்தினார். முகத்தில் ஒன்றுமில்லை.

"டொக்டர், எனக்கு ஒண்டு மட்டும் சொல்லுங்கோ" என்று தொடங்கினேன்.

"அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா" என்றார், கேள்வி வருமுன்னே.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆம்பிளையோ பொம்பிளையோ, எனக்குத் தேவையில்லை. தலை மேலயோ கீழயோ? அதைச் சொல்லாமல் நான் இறங்க மாட்டன்."

டொக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். விலா எலும்புக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம்.

"மேலதான் இருக்கும்மா. வலி வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. முன்னாடியே பெரிய ஆஸ்பத்திரில சேந்துடுங்க. ஆபரேஷன் பண்ணிடுவாங்க."

விக்கி விக்கி அழுதேன். பயத்தில் அல்ல. இந்த முறை முன்கூட்டியே தெரிந்துவிட்டதே என்றுதான்.

மல்லிகா அக்கா என் கண்ணைத் துடைத்தார். "டாக்டரம்மா மூஞ்சியப் பாத்தப்பவே தெர்ஞ்சிக்கினேன். பொண்ணுதான். அதுக்கு இன்னாத்துக்கு அழுதுக்கினு கீற? கடசீல பொண்ணுதான் கஞ்சி ஊத்தும்!"

தலை மேலே இருப்பதைச் சொன்னேன். "அது கெடக்குது, டாக்டருங்க பாத்துக்குவாங்க" என்றுவிட்டார். மாலைக்குள் முகாமே பெண் பிள்ளைக்காக எனக்கு ஆறுதல் சொல்லி முடித்தது.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. பெண் பிள்ளை. வெளியே எடுத்ததும் அது போட்ட சத்தம் என் காதில் விழுந்தது, அது போதும் எனக்கு. மல்லிகா அக்காவைக் கையில் பிடிக்க முடியவில்லை. கட்டில் கட்டிலாகப் போய்த் தன் கெட்டித்தனத்தைச் சொன்னார்.

சத்தம் கேட்டு வந்த ஆயாம்மா என்னிடம், "ரெண்டாவதா? மொதப் புள்ள எங்க?" என்றார்.

மல்லிகா அக்கா சட்டென்று குனிந்து பிள்ளையின் துணியைச் சரிசெய்யத் தொடங்கினார்.

"ஊரில இருக்கிறான்" என்றேன்.

"அவ்ளோ தூரத்துல உட்டுட்டு வந்துகீறியா? சீக்கிரம் போய்ப் பாரும்மா. புள்ள ஏங்கிப் பூடும்."

"ஓம்" என்று சொல்லிவிட்டு, மகளை மற்றப் பக்கம் மாற்றிப் பிடித்தேன்.