ரியாஸிடம் மறைத்த இடது கண்

அன்பான சபையாரே, போன வருஷம் உபவாச ஜெபத்தில் "ஒரு சகோதரனுடைய தனிப்பட்ட விண்ணப்பம்" என்று பாஸ்டர் ஒரு சீட்டை வாசித்தார். நீங்களும் கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்தீர்கள். அந்தச் சகோதரன் நான்தான். எதற்காக என்று சொல்லாமலே உங்களை ஜெபிக்க வைத்துவிட்டேன். அதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள்.

அப்போது என் இடது கண் போய்க்கொண்டிருந்தது.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் பெயர் சாமுவேல். ஊரப்பாக்கத்தில் இருக்கிறேன். டென்னிஸ்தான் பிழைப்பு. அதிலும் இரட்டையர் ஆட்டம் மட்டும். கல்யாண வீட்டுக்குப் போனால் "தம்பி, டிவியில எப்போ வருவீங்க?" என்று கேட்பார்கள். டிவியில் வருவது பெரும்பாலும் ஒற்றையர் ஆடுகிறவர்கள். எங்களுக்குக் கடைசிக் கோர்ட்தான் கிடைக்கும். அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருப்பவர்கள்தான் அங்கே ரசிகர்கள். எட்டுப் பத்து நாடு சுற்றியிருக்கிறேன், ஆனால் சொந்த மாமாவுக்கே நான் என்ன செய்கிறேன் என்று இன்னும் பிடிபடவில்லை.

என் ஜோடி ரியாஸ். குரோம்பேட்டைக்காரன். அவன் அண்ணன் ஜிஎஸ்டி ரோட்டில் செருப்புக்கடை வைத்திருக்கிறார். ஒன்பது வருஷமாகச் சேர்ந்து ஆடுகிறோம். கோர்ட்டில் வலது பாதி எனக்கு, இடது பாதி அவனுக்கு. அவன் எங்கே நிற்கிறான் என்று நான் திரும்பிப் பார்த்ததே கிடையாது. இடது கண் ஓரத்தில் எப்போதும் தெரிவான். இரட்டையர் ஆட்டத்தில் பாதி வேலை அதுதான். பந்தைப் பார்த்துக்கொண்டே கூட நிற்பவனையும் பார்க்க வேண்டும்.

பெரிய போட்டிகளில் இரண்டு பேருடைய தரவரிசையையும் கூட்டித்தான் இடம் கொடுப்பார்கள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக எங்களுடைய கூட்டல் உள்ளே வந்திருந்தது. டென்னிஸ் மட்டையைத் தொட்ட ஒவ்வொருவரும் சின்ன வயதில் கனவு காணும் போட்டி அது. புறப்பட ஆறு வாரம் இருந்தது. அப்போதுதான் இடது கண்ணில் கருப்புப் புள்ளிகள் மிதக்க ஆரம்பித்தன. பிறகு மின்னல் மாதிரி ஒரு வெளிச்சம். கடைசியாக ஓரத்தில் ஒரு நிழல் வந்தது. பாதி இழுத்த திரைச்சீலை போல அது அங்கேயே நின்றுவிட்டது.

பள்ளியில் படிக்கும்போதே எனக்குப் பவர் அதிகம், லென்ஸ் போட்டுத்தான் ஆடுவேன். லென்ஸ் பழசாகிவிட்டது என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். டாக்டரிடம் போனால் ஆடக் கூடாது என்பார். ஆடாவிட்டால் ரியாஸ் வேறு ஆளைத் தேடுவான். அந்தப் பயம் என்னைத் தின்றது. என் மனைவி ஷீபா கணக்கு டீச்சர், வீட்டில் எது குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். அவளிடமே நான் வாய் திறக்கவில்லை. ஆண்டவரிடம் மட்டும் சொன்னேன்.

தினமும் காலையில் கோர்ட்டுக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்து ஜெபிப்பேன். இரண்டு விண்ணப்பம். ஒன்று, ஆண்டவரே, என் கண்ணைக் காப்பாற்றும். இரண்டு, போட்டி முடியும்வரை ரியாஸுக்கு இது தெரியக் கூடாது. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பேன். அழுதுகொண்டே கேட்பேன். அந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

நிழல் வந்த பிறகு ரியாஸ் என் கண்ணிலிருந்து காணாமல் போனான். இருவருக்கும் நடுவில் வரும் பந்து அவன் பக்கத்து நிழலில் விழுந்துவிடும். நான் "உனக்கு, உனக்கு" என்று கத்திவிட்டு நின்றுவிடுவேன். பத்து நாள் பொறுத்துப் பார்த்தான்.

"இன்னா மச்சான், நடுவுல வர்றதெல்லாம் எனக்கேவா? நீ இன்னா, வேடிக்கை பாக்க வந்துகீறியா?" என்றான் ஒரு நாள்.

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். எனக்குத்தான் சுருக்கென்று தைத்தது. திருட்டு முழி முழித்துக்கொண்டிருந்தவனுக்கு எல்லாமே குத்தலாகத்தானே கேட்கும்? நாளைக்கு நடுப்பந்தை நானே எடுத்துக் காட்டுகிறேன் என்று வீம்பாக முடிவு செய்தேன்.

மறுநாள் தாம்பரத்தில் பயிற்சி ஆட்டம். எதிர்ப்பக்கத்திலிருந்து பந்து உயரமாக, சரியாக நடுவில் இறங்கியது. உயரமான நடுப்பந்து ரியாஸுடையது என்பது எங்கள் ஒன்பது வருஷப் பேச்சு. அதனால் அவன் குரல் கொடுக்கவில்லை. நான் அண்ணாந்து பார்த்தபடி இடதுபக்கமாகப் பின்னால் போய் முழு பலத்தோடு மட்டையை வீசினேன். மட்டை பந்தில் படவில்லை. ரியாஸின் புருவத்தில் பட்டது.

அந்தச் சத்தத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். விரல்களுக்கு நடுவில் ரத்தம் வந்தது. நான் "இயேசுவே, இயேசுவே" என்றதைத் தவிர வேறொன்றும் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

துண்டை அழுத்திப் பிடிக்கச் சொல்லி அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு குரோம்பேட்டையில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். சானடோரியம் தாண்டும்போது அவன் ஒரு கண்ணால் ரோட்டைப் பார்த்துவிட்டு அலறினான்.

"டேய், லெஃப்ட்ல ஆட்டோ! ஆட்டோ கீதுடா!"

எனக்கு ஆட்டோ தெரியவில்லை. அவன் கத்திய பிறகுதான் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். அதற்கப்புறம் ஆஸ்பத்திரி வரும்வரை அவன் என்னையே பார்த்துக்கொண்டு வந்தான்.

புருவத்துக்கு மேலே ஐந்து தையல். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டரம்மா சொன்னார்களாம். நான் அப்போது வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கண்ணை மட்டும் எடுத்துவிடாதேயும், என் கண் போனாலும் பரவாயில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அத்தனை வாரத்தில் என் விண்ணப்பத்தில் இன்னொருவன் வந்தது அன்றைக்குத்தான்.

"மச்சான்."

குரல் மிகப் பக்கத்தில் கேட்டது. தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினேன். என் இடது தோளுக்கு அருகே ரியாஸ் நின்றிருந்தான், நெற்றியில் கட்டோடு.

"நான் எவ்ளோ நேரமா இங்க நிக்கிறேன் தெரியுமா? உன் லெஃப்ட் கண்ணு ஓரமா கைய ஆட்டுனேன்டா. உனக்குத் தெரியல. இன்னா ஆச்சு கண்ணுக்கு?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நோயாளிகள், நர்ஸ்கள் எல்லோரும் பார்க்க விம்மி அழுதேன். புள்ளி, மின்னல், நிழல் எல்லாவற்றையும் கொட்டினேன். நீ என்னை விட்டுப் போய்விடுவாய் என்று பயந்தேன் என்றும் சொன்னேன். அவனுக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, தான் அப்போதுதான் வெளியே வந்த டாக்டர் அறையின் கதவைத் தள்ளினான்.

"டாக்டர், என்ன வுடுங்க. இவன் கண்ணப் பாருங்க மொதல்ல!"

மருந்து ஊற்றிப் பார்த்துவிட்டு டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு என் எதிரில் உட்கார்ந்தார்கள்.

"விழித்திரை கிழிஞ்சு கழண்டுகிட்டு வருது சார். நடுப்பகுதி மட்டும் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு. அதுவும் போயிருந்தா ஆபரேஷன் பண்ணினாலும் பழைய பார்வை கஷ்டம். இன்னும் ரெண்டு மூணு நாள்கூட தள்ளிப்போடக் கூடாது. எப்படி இவ்வளவு நாள் சும்மா இருந்தீங்க?"

ஜெபித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அடுத்த நாளே அறுவை சிகிச்சை நடந்தது. ஷீபா என்னைத் திட்டவில்லை. ஆபரேஷன் அறைக்குப் போகுமுன் "என்கிட்டகூட சொல்லலையே?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

கண்ணுக்குள் வாயுக் குமிழி வைத்திருந்தார்கள். ஒரு வாரம் முழுக்கக் குனிந்தே இருக்க வேண்டும். சாப்பாடு, ஜெபம், தூக்கம் எல்லாமே தரையைப் பார்த்துத்தான். குமிழி கரையும்வரை விமானம் ஏறக் கூடாது என்றார்கள். போட்டி போனது. ரியாஸ் வேறு ஜோடியோடு முயன்று பார்த்தான், கூட்டல் சேரவில்லை. என்னால் அவனுக்கும் போனது. இதை நான் லேசாகச் சொல்லிவிட்டுத் தாண்ட முடியாது. ஒன்பது வருஷ உழைப்பு அவனுக்கும்தானே?

அவன் வீட்டுக்கு வந்தான். நான் குனிந்திருந்ததால் செருப்பைக் கழற்றிய அவன் பாதங்கள்தான் தெரிந்தன. காரில் நான் வைத்த இரண்டு விண்ணப்பத்தையும் அவனிடம் சொன்னேன். ஒன்று கேட்கப்பட வேண்டுமானால் மற்றது மறுக்கப்பட வேண்டியிருந்தது என்று சொன்னேன்.

"அதெல்லாம் சரி மச்சான். உன் ப்ரேயருக்குப் பதில் எழுத உங்க ஆண்டவருக்கு என் மூஞ்சிதான் கெடச்சுதா?"

சிரித்தால் கண் வலிக்கும். சிரித்தேன். பிறகு அவன் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, என் முகம் தெரியும்படி குனிந்துகொண்டு சொன்னான். "மொத நாளே சொல்லியிருந்தா நான் போயிருப்பேனாடா? இன்னா நெனச்சுகினு கீற என்னப் பத்தி?" அவன் குரல் உடைந்தது. நான் அவனிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

சபையாரே, தேவன் என் நண்பனை அடித்து என்னைக் காப்பாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். அடித்தது என் மட்டை. அதை வீச வைத்தது என் பொய். அந்தப் பொய்யிலிருந்துகூட அவர் எனக்கு ஒரு வழி எடுத்துக் கொடுத்தார் என்று மட்டும் சொல்வேன். பார்வை திரும்பியது. நிழல் போய்விட்டது. ஏழு மாதம் கழித்து டாக்டரம்மா அனுமதி கொடுத்தார்கள். இப்போது பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சின்னச் சின்னப் போட்டிகளிலிருந்து மறுபடி ஏறிக்கொண்டிருக்கிறோம்.

போன மாதம் ஒரு காலிறுதி. ஜெயித்துக்கொண்டிருந்தோம். உச்சி வெயிலில் என் இடது கண்ணில் பளிச்சென்று ஏதோ மின்னியது. பழைய சாமுவேலாக இருந்தால் மனதுக்குள் ஜெபித்துவிட்டு அடுத்த பந்தைப் போட்டிருப்பேன். அன்றைக்கும் ஜெபித்தேன். ஆனால் மட்டையைக் கீழே வைத்துவிட்டு ரியாஸிடம் நடந்து போனேன். "கண்ணுல ஏதோ மின்னுச்சுடா, பயமா இருக்கு" என்றேன். அவன் ஸ்கோரைப் பார்க்கவே இல்லை, நேராக நடுவரிடம் போய் ஆட்டத்தை விட்டுக்கொடுக்கிறோம் என்று சொல்லிவிட்டான். ஆஸ்பத்திரியில் பார்த்தால் ஒன்றுமே இல்லை, விழித்திரையை ஒட்டிய இடமெல்லாம் பத்திரம், வெறும் வெயில். ஜெயிக்க வேண்டிய ஆட்டம் கையைவிட்டுப் போனது. அன்றைக்கு எனக்கு வந்த சமாதானம் எந்தக் கோப்பை வாங்கியபோதும் வந்ததில்லை.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் யாராவது ஒரு சீட்டில் "தனிப்பட்ட விண்ணப்பம்" என்று எழுதிப் பையில் வைத்திருப்பீர்கள். கட்டாயம் கொடுங்கள், நாங்கள் ஜெபிக்கிறோம். அவர் கேட்கிற தேவன், நம்புங்கள். ஆனால் இன்றைக்கு வீட்டுக்குப் போனதும், யாருக்குத் தெரியக் கூடாது என்று பயப்படுகிறீர்களோ அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள். உங்களுக்கு வர வேண்டிய பதில் ஒருவேளை அந்த மனிதர் வாயில்தான் இருக்கும்.