எந்தப் பானை

எங்கள் மலையில் விதைத் தினையைச் சாம்பலில் பிசறித்தான் பானையில் போட்டு வைப்போம். பூச்சி அண்டாது. மலையில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐந்து வயது மகளுக்கும் வேண்டியதில்லை என்று நினைத்ததுதான் என் கோளாறு.

அன்று காளப்பநாயக்கன்பட்டி மிளகு வியாபாரியோடு போனில் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். கோழிகள் வேறு காலைச் சுற்றின. போனைக் காதிலிருந்து எடுக்காமலே, மூலையில் இருந்த இரண்டு பானைகள் பக்கம் கையை வீசி, "கண்ணு, அந்தப் பானையில கெடக்கறதக் கோழிக்குப் போட்டுரு" என்றேன். ஒன்றில் வண்டு விழுந்த பழைய தினை. மற்றதில் விதை.

பேசி முடித்துத் திரும்பினால் விதைப் பானை காலி. வாசலில் கோழிகள் சாம்பல் பறக்கக் கொத்திக்கொண்டிருந்தன. விதைப்புக்கு ஒரு வாரம்கூட இல்லை. மகள் முதுகில் ஓர் அறை வைத்தேன்.

"காதுல என்ன அடைச்சிருக்குது? சொன்னா வெளங்காதா?"

மலைமேலேயே இருக்கும் குண்டனி நாட்டு ஊரிலிருந்து மைத்துனர் வேறு விதை கொண்டுவந்தார். விதைப்பு தப்பித்தது. மகள்தான் தேறவில்லை. சின்ன வேலை சொன்னால்கூட என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒருநாள் மடியில் உட்காரவைத்து, ஏன் அந்தப் பானையை எடுத்தாய் என்று கேட்டேன்.

"அதுதானுங்கப்பா அழுக்கா இருந்துச்சு."

நியாயம்தானே? "தப்பு உம்மேல இல்ல சாமி. எந்தப் பானைன்னு நான்தான் சொல்லல" என்றேன்.

தலையை ஆட்டி மறுத்தாள். "நீங்க சொன்னீங்க. நான்தான் நல்லாக் கேக்கல."

எத்தனை தடவை எடுத்துச் சொன்னாலும் அதே பதில். அப்பா சொன்னதிலேயே குறை இருக்கலாம் என்பது அந்த வயதுக்கு எட்டவில்லை. பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். விளங்காவிட்டால் கேட்டவள் மக்கு. அந்த நினைப்பை நான் அறைந்து வேறு உறுதிப்படுத்தியிருந்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஒன்றரை வருஷம் போனது. மரவள்ளிக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தபோது, நிமிராமலே, "அந்தக் களக்கொத்த எடுத்துட்டு வா கண்ணு" என்றேன். ஆள் அசையவில்லை.

"ரெண்டு கொத்து கெடக்குதுங்கப்பா. எதுன்னு நீங்க சொல்லவேயில்லீங்க."

பழைய கோபம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். முகத்தில் பயமே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆமா சாமி, என் தப்புதான்."

"பரவாயில்லீங்கப்பா" என்றாள். "மறுக்கா சொல்லுங்க."