எடை மெஷின் மேல் ஒரு கோட்டு

மார்லீன் கீயோவின் அலுவலகக் கதவைத் திறந்தால் முதலில் காலில் இடறுவது ஒரு பழைய எடை மெஷின். பெண்டிகோ குதிரைப் பந்தய மைதானத்தில் குப்பைக்குப் போகவிருந்ததைக் கேட்டு வாங்கி, வேண்டுமென்றே வழியில் வைத்திருக்கிறாள். ஜாக்கிகளுக்கு வேறு வேலை தேடிக் கொடுப்பதுதான் சங்கத்தில் அவள் வேலை, அதனால் அங்கே வருகிறவர்கள் எல்லோரும் ஜாக்கிகள். குதிரை ஓட்டுவதை விட்டவர்கள், விடப்போகிறவர்கள், செத்தாலும் விட மாட்டேன் என்று அடம்பிடிக்கிறவர்கள். உள்ளே வந்ததும் யாரும் சொல்லாமலே மெஷின்மேல் ஏறி, முள்ளைப் பார்த்து, இறங்கி, அதற்குப் பிறகுதான் அவளுக்கு வணக்கம் சொல்வார்கள். எடை கூடினால் ஓட்ட விட மாட்டார்கள் என்று ஊறிப்போன பழக்கம், ஏறியதே அவர்களுக்கு ஞாபகம் இருக்காது. மார்லீன் ஒன்றும் கேட்க மாட்டாள். என்றைக்கு ஒருவர் அதை ஏறிட்டும் பார்க்காமல் நேரே நாற்காலிக்கு வருகிறாரோ, அன்றைக்கு அவருடைய ஃபைலைக் கட்டிப் பரணில் போட்டுவிடுவாள். ஜாக்கிகள் சங்கம் கொடுத்திருக்கும் படிவங்களில் இப்படி ஒரு சோதனை கிடையாது. அந்தப் படிவங்களை எழுதிய புண்ணியவான்கள் குதிரை மேல் உட்கார்ந்ததும் கிடையாது.

அவள் உட்கார்ந்தவள். பதினேழு வருடம். பெண்களுக்கு உடை மாற்ற ஒரு அறைகூட இல்லாத காலத்தில், ஆம்புலன்ஸ் வண்டிக்குள் மாற்றிக்கொண்டு வந்து ஆண்களை ஜெயித்தவள். தோள்பட்டை நொறுங்கி வீட்டில் உட்கார்ந்தபோது, இனி என்ன செய்யப்போகிறாய் என்று ஒரு ஈ காக்கைகூட வந்து கேட்கவில்லை. அதற்குப் பிறகும் ஆறு வருடம் தினமும் காலையில் எழுந்து எடை பார்த்தாள். எதற்கு, யாருக்கு? சுத்தப் பைத்தியக்காரத்தனம் என்று அவளே சொல்வாள். நாற்பது வயதில் ஒருநாள் எரிச்சல் வந்து, வீட்டு மெஷினைத் தூக்கியெறிந்துவிட்டுக் கல்லூரியில் சேர்ந்தாள். இப்போது அறுபத்திரண்டு வயது. அவள் கைபட்டு வேறு வேலைக்குப் போனவர்கள் எழுபது பேருக்கு மேல் இருப்பார்கள். நர்ஸ், பேக்கரிக்காரர், போலீஸ்காரி, எலெக்ட்ரீஷியன் என்று எல்லாம் உண்டு. ஒருத்தன் பல் டாக்டர்கூட ஆகிவிட்டான்.

க்ளின்ட் டாஸன் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. நாற்பத்தோரு வயது. ஒரு பந்தயத்தில் விழுந்து இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் உடைந்து, உள்ளே தகடு வைத்திருந்தார்கள். இன்னொரு தடவை விழுந்தால் அப்புறம் சக்கர நாற்காலிதான் என்று அறுவை சிகிச்சை செய்தவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். க்ளின்ட் கேட்கிற ஆளா? வேறொரு டாக்டரைப் பிடித்து, ஓட்டலாம் என்று சீட்டு வாங்கிவிட்டான். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு அவன் ஜாக்கி உரிமம் முடிகிறது. அதற்குள் புதுப்பிக்காவிட்டால், மறுபடி கற்றுக்குட்டி மாதிரி முதலிலிருந்து ஓட்டிக் காட்ட வேண்டும். அந்த வயதில் அது நடக்காது. நடுவில் வியாழக்கிழமை ரயில் ஓட்டுநர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. அது மார்லீன் விண்ணப்பம் போட வைத்தது.

மெஷினில் ஏறி இறங்கிவிட்டு வந்து உட்கார்ந்தான். மார்லீன் ரயில்வே அதிகாரி மாதிரி முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு தேர்வு ஒத்திகையை ஆரம்பித்தாள்.

"இதுக்கு முன்னாடி பார்த்த வேலையில நீங்க செஞ்ச தப்பு ஒண்ணு சொல்லுங்க."

"தப்புன்னு பெருசா எதுவும் இல்ல. எச்சுகா ரேஸ்ல தரை சொதசொதன்னு இருந்துச்சு. குதிரைக்கு ஒத்துக்கல. உள்பக்கம் வழியும் கிடைக்கல."

"அப்ப நீ எங்கடா இருந்த? வீட்லயா?"

க்ளின்ட் முழித்தான். தன் தப்பை ஒத்துக்கொள்ளாதது ஜாக்கிகளுக்கே உள்ள வியாதி. தோற்றுப்போய் இறங்கினால் குதிரையின் சொந்தக்காரர் வந்து எதிரே நிற்பார். என் தப்பு என்று ஒத்துக்கொண்டால் அடுத்த வாரம் அந்தக் குதிரைமேல் வேறொருவன் இருப்பான். அதனால் தரை, காற்று, குதிரையின் மனநிலை என்று எதன் தலையிலாவது போட்டுவிட்டுப் போவார்கள். இருபத்தைந்து வருடம் இப்படியே பேசினால் வாய்க்கு வேறு என்ன வரும்?

"ரயில் மனசு சரியில்லாம இருந்துச்சுன்னு சொல்வியா அங்க போயி?" என்றாள்.

"கிண்டல் பண்ணாதீங்க பாஸ். பதினஞ்சு வயசுல ஸ்கூல விட்டவன் நான். எனக்குக் குதிரையை விட்டா வேற என்ன தெரியும்?"

மார்லீன் கைக்கடிகாரத்தைக் கழற்றினாள். "கண்ண மூடு. முப்பத்தேழு செகண்ட் ஆனதும் சொல்லு."

அவன் மூடினான். மூக்கைச் சொறிந்தான், கொட்டாவி விட்டான். "இப்ப," என்றான். முள் முப்பத்தேழில் இருந்தது.

"இதென்ன பெரிய வித்தையா? காலைப் பயிற்சியில எல்லா ஜாக்கியும் செய்றதுதானே. கடைசி அறுநூறு மீட்டரை முப்பத்தேழுல ஓட்டுன்னா ஓட்டுறோம். வாட்ச் கட்டிக்கிட்டா போறோம்?"

"எல்லா ஜாக்கிக்கும் வரும். ஊர்ல வேற எவனுக்கும் வராது. ரயில்காரன் செகண்டை எண்ணித்தான் பொழைக்கிறான், மடையா. அங்க போய் இதைச் சொல்லு. தப்பைக் கேட்டா தப்பைச் சொல்லு."

க்ளின்ட் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தான். உரிமம் புதுப்பிக்கும் படிவம். சங்கத்து ஆள் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அவனுக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

மார்லீன் கையெழுத்துப் போட்டாள்.

"கொடுக்கிறதும் கொடுக்காததும் உன் பாடு. நான் தடுத்து நீ நின்னா, சாகிற வரைக்கும் மனசுக்குள்ள ஓட்டிக்கிட்டே இருப்ப. உரிமக் கவுண்டர் இந்த நடை முடியுற எடத்துலதான் இருக்கு. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு மூடுவாங்க."

துணிச்சலாகப் போட்டுவிட்டாளே தவிர, வியாழன் முழுக்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இவன் விழுந்தால் அந்தத் தாளில் தன் பெயரும் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? ஆனால் எழுபது பேரைப் பார்த்தவள் அவள். பிடித்து நிறுத்தப்பட்டவன் எவனும் நின்றதில்லை என்பது அவளுக்கு நிச்சயம்.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு அவன் வந்தான். கையில் பேக்கரிப் பெட்டி. தேர்வுக்கென்று வாங்கிய புதுக் கோட்டைக் கழற்றி, எடை மெஷினின் கம்பத்தில் மாட்டிவிட்டு நேரே நாற்காலிக்கு வந்தான். கோட்டுப் பையிலிருந்து அந்தப் படிவம் எட்டிப் பார்த்தது. கவுண்டருக்குப் போக இருபது அடி நடந்தால் போதும். மார்லீன் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

பெட்டிக்குள் இரண்டு வெனிலா ஸ்லைஸ். க்ளின்ட் ஒன்றை எடுத்துக் கடித்தான். மூக்கில் சர்க்கரைத் தூள் ஒட்டியது.

"என் பொண்டாட்டி டான்யா என்னைப் பார்த்துச் சிரிக்கிறா. கல்யாணம் ஆனதிலேருந்து நான் இனிப்பு வாங்கியே பார்த்ததில்லையாம்."

"தேர்வு என்னடா ஆச்சு? அதைச் சொல்லு முதல்ல."

"தப்பு கேட்டாங்க. எச்சுகாவுல குதிரை நல்லாத்தான் ஓடுச்சு, நான்தான் பொறுமையில்லாம சீக்கிரம் விரட்டிட்டேன், தோத்ததுக்கு நான்தான் காரணம்னு சொன்னேன். அந்தக் குதிரைமேல அஞ்சு வருஷமாப் பழி போட்டுக்கிட்டு இருந்தேன் பாஸ். பாவம், அதுக்கு இப்ப உயிருகூட இல்ல."

"முடிவு எப்பச் சொல்றாங்க?"

"ரெண்டு வாரம் ஆகுமாம்."

ஆக, கையில் வேலை இல்லை. வரும் என்ற உறுதியும் இல்லை. சுவர்க் கடிகாரம் அவனுக்குப் பின்னால் இருந்தது. ஐந்துக்கு எட்டு நிமிடம். அவன் பேசிக்கொண்டே சாப்பிட்டான், விரலை நக்கினான், பெட்டியை மடித்தான். பிறகு பேச்சை நிறுத்தி, மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். மார்லீன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து போனால் போகட்டும். ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.

"அஞ்சு," என்றான் க்ளின்ட், திரும்பிப் பார்க்காமல்.

நடையின் கோடியில் கவுண்டர் ஷட்டரை இழுத்து மூடும் சத்தம் கேட்டது.

மார்லீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதை மறைக்கவும் இல்லை.

"அந்த வேலை கிடைக்கலன்னா என்ன பண்ணுவ?"

"செவ்வாய்க்கிழமை வந்து உங்க உயிர வாங்குவேன். வேற வேலை தேடுவோம்."

அவள் அவனுடைய ஃபைலை எடுத்து நாடாவால் இறுக்கிக் கட்டினாள்.

"இன்னும் வேலையே கிடைக்கலயே, அதுக்குள்ள மூட்டை கட்டிட்டீங்க?"

"கட்டுற நேரம் எனக்குத் தெரியும். முதல்ல உன் கோட்டை எடு. அது என்ன, துணி மாட்டுற எடமா?"

க்ளின்ட் திரும்பிப் பார்த்தான். அப்போதுதான் மெஷின் அவன் கண்ணில் பட்டது.

"இது எப்ப பாஸ் வாங்கினீங்க?" என்றான்.