கார் வரும் நாளின் வயிற்றுவலி

சாலவாக்கம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சசிரேகா டீச்சரைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொல்ல ஆள் கிடைக்காது. பிள்ளைகளுக்குத் தலை வாரிவிடுவார், மூக்குச் சிந்திவிடுவார். அப்படிப்பட்டவர்தான், வாசிப்புத் திட்டம் நன்றாக நடக்க வேண்டுமென்று, வாசிக்கத் தெரியாத ஒரே பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினார்.

சென்னைக் கல்லூரி ஒன்று பள்ளியோடு கைகோத்திருந்தது. புதுப் பாடமுறை, வண்ண அட்டைகள், மாதம் ஒருமுறை கல்லூரியிலிருந்து ஷாரோன் மேடம் காரில் வந்து பார்ப்பது. மூன்றாம் வகுப்பில் எல்லோரும் அட்டையைப் படித்தார்கள், ஏரிக்கரை இருளர் குடியிருப்பிலிருந்து வரும் காவியாவைத் தவிர. திட்டமே அவளைப் போன்றவர்களுக்காகத்தான் வந்தது. ஆனால் அவள் திக்கினால் திட்டம் தோற்றதாகத் தெரியுமே!

"நீ வூட்டுக்குப் போ கண்ணு. யாராச்சும் கேட்டா வயிறு நோவுதுன்னு சொல்லு."

மேடம் வந்து பார்த்தது அமோகமாக முடிந்தது. டீச்சருக்குக் கைகுலுக்கினார். மதியம் சத்துணவுக்கூடத்திலிருந்து சமையலம்மா எட்டிப் பார்த்தார்: "டீச்சர், காவியா முட்டை மீந்து கீது. இன்னா பண்றது?"

அன்று சசிரேகாவுக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த மாதம் மட்டும் இறங்கியதா என்றால், அதுவும் இல்லை, ஆனாலும் அனுப்பினார்.

காவியாவின் தாய் ஜெயம்மா களை பறிக்கப் போகிற வழியில் டீச்சரை மறித்து நின்றாள். "இன்னா டீச்சரே, கார் வந்தா எம் பொண்ணுக்கு மட்டும் வயிறு நோவுதாமே? அப்புடி இன்னாதான் கீது அந்தக் கார்ல?"

சசிரேகா அன்று மாலையிலிருந்து பள்ளி விட்டபின் காவியாவைத் தனியாக உட்காரவைத்தார். அரை அட்டை வரைக்கும் வந்துவிட்டாள். இந்த முறை அனுப்புவதில்லை, திக்கினால் திக்கட்டும் என்று முடிவும் செய்தார். அதைக் காவியாவிடம் சொல்லத்தான் தோன்றவில்லை.

கார் ஹாரன் கேட்டது. கரும்பலகையிலிருந்து சசிரேகா திரும்புவதற்குள் காவியா பையை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டியிருந்தாள். எதிரே ஷாரோன்.

"எங்கம்மா கெளம்பிட்ட?"

"வயிறு நோவுதுக்கா. வூட்டுக்குப் போறேன்."

டீச்சர் சொல்லிக்கொடுத்ததில் அவள் திக்காமல் ஒப்பித்தது அது ஒன்றுதான். ஒப்பித்துவிட்டு, சரிதானே என்பதுபோல் டீச்சரைப் பார்த்தாள்.

"அவளுக்கு... வயிறு... இல்ல மேடம், நான்தான்..." சசிரேகா திக்கினார்.

அந்தப் பிஞ்சுத் தோளிலிருந்து பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "வா, முட்டை சாப்ட்டுதான் போவணும்," என்றார்.