மெஷின் அண்ணி

எங்கள் அண்ணிக்குத் தெருவில் வைத்த பெயர் மெஷின். வைத்தவர் எதிர்க்கடை மரப்பொம்மைக்காரர். அண்ணி பின்னிய கம்பளிக் கையுறையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது கையா, மெஷினா?" என்று வாயைப் பிளந்தார். அன்றைக்கு அண்ணிக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தப் பெயரே பின்னால் வயிற்றெரிச்சலாகும் என்று யாருக்குத் தெரியும்?

பள்ளத்தாக்கின் நடுவில், சுற்றுலாப் பேருந்துகள் நாற்பது நிமிடம் நிற்கும் இடத்தில் எங்கள் கடை. கடை அண்ணனுடையது, கல்லாவில் நான். சாவிக்கொத்து, மரக்கிண்ணம், மலைப்படம் போட்ட கோப்பை எல்லாம் விற்கிறோம். வாசலை ஒட்டிய தட்டு மட்டும் அண்ணியின் கையுறைகளுக்கு. கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து அது அவள் தட்டு.

அவளுடைய கெட்டிக்காரத்தனம் நூல் முடிகிற இடத்தில் இருக்கிறது. மற்றவர்கள் முடிச்சுப் போட்டுக் கத்தரித்துவிடுவார்கள். அண்ணி மிச்ச நூலை ஊசியில் கோத்து, வந்த வழியே பின்னலின் கண் கண்ணாக உள்ளே செலுத்திவிடுவாள். உள்ளும் புறமும் ஒரே மாதிரி இருக்கும். அதுதான் வினையாகப் போனது. வருகிறவர்கள் கையுறையை உள்பக்கம் திருப்பி முடிச்சைத் தேடுகிறார்கள். காணோம் என்றதும், "மெஷின்ல போட்டது, வாங்க போலாம்" என்று வைத்துவிட்டுப் போகிறார்கள். அரைகுறை வேலைதான் கைவேலைக்கு அடையாளம் என்று இவர்களுக்கு எவன் சொல்லிக்கொடுத்தானோ!

போன மாதம் அண்ணன் ஒரு மூட்டை தொழிற்சாலைக் கையுறை இறக்கினான். அங்கங்கே நூல் தொங்கும். தொழிற்சாலையே அப்படித் தொங்கவிட்டு அனுப்புகிறது. உள்தட்டில் இருந்தபடியே அது சக்கைப்போடு போட்டது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள உன்னுது ஒரு ஜோடியாவது போகட்டும். இல்லேன்னா வாசல் தட்டு அதுக்குத்தான்," என்றான் அண்ணியிடம்.

மறுநாள் காலை அண்ணி நாற்காலியைத் தூக்கி வாசலில் போட்டு, எல்லோரும் பார்க்கட்டும் என்று பின்ன உட்கார்ந்தாள். கூட்டம் கூடியது, படம் எடுத்தது, "கையாலயே பின்றாங்க பாரு" என்று உருகியது. உருகிவிட்டு நேரே உள்ளே வந்து தொழிற்சாலைக் கையுறையை அள்ளிக்கொண்டு போனது.

"அது நான் போட்டது இல்லைங்க. இதோ, இந்தத் தட்டுல இருக்கே, இதுதான் என்னுது," என்று அண்ணி ஒவ்வொருவரிடமும் சொன்னாள்.

"எவ்வளவு அடக்கம் பாருங்க," என்று ஒரு தொப்பிக்காரி தன் வீட்டுக்காரரிடம் வியந்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணனோ இன்னொரு மூட்டைக்குச் சொல்லி அனுப்பினான்.

வியாழக்கிழமை நான் அண்ணியின் காலில் விழாத குறை. "ஒரே ஒரு ஜோடியில நூல் நுனிய வெளிய விட்டுடுங்க அண்ணி. தட்டு உங்களுக்கு வேணுமா, வேணாமா?"

"சோத்துல பாதியில எந்திரிச்சுப் போன மாதிரி இருக்குமே," என்றாள். கடைசியில் மனசே இல்லாமல், ஒரு சாம்பல் நிற ஜோடியில் கட்டைவிரல் ஓரமாக நூலைத் தொங்கவிட்டாள். விட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை நாலு மணிப் பேருந்துதான் கடைசி. அதில் வந்த சால்வை போர்த்திய அம்மாள் ஒருவர் அந்தச் சாம்பல் ஜோடியை எடுத்தார். திருப்பினார். நூலைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "இது கைவேலை. பார்த்தாலே தெரியுதே!" பையைத் திறந்துகொண்டு கல்லாப் பக்கம் வந்தார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

"ஒரு நிமிஷம், அதை இப்படிக் கொடுங்கம்மா," என்றாள் அண்ணி.

வேண்டாம் என்று நான் கண்ணாலேயே கெஞ்சினேன். அவள் என் பக்கம் பார்த்தால்தானே? ஊசியை எடுத்தாள், நூலைக் கோத்தாள், கண் கண்ணாக உள்ளே செலுத்தினாள். தடவிப் பார்த்துவிட்டுப் பெருமையாக நீட்டினாள்.

அந்த அம்மாள் உள்ளே வெளியே திருப்பித் தேடினார். "அடடா, இப்ப மெஷின்ல போட்ட மாதிரி ஆயிடுச்சே," என்று வைத்துவிட்டு, உள்தட்டில் நூல் தொங்குகிற ஒன்றை எடுத்துக்கொண்டார்.

பேருந்து போனதும் நான் வெடித்தேன். "உங்களுக்கு என்ன பைத்தியமா அண்ணி? வாங்க வந்தவங்கள நீங்களே விரட்டிட்டீங்களே!"

"கட்டைவிரல் கிட்ட நூலு. எதுலயாவது மாட்டி இழுத்தா மொத்தமும் பிரிஞ்சிடும். இந்தக் குளிர்ல அந்தம்மா விரல் என்னத்துக்கு ஆகும்?"

அப்படியும் எனக்குக் கோபம் போகவில்லை. அண்ணன் புது மூட்டையைப் பிரித்து வாசல் தட்டில் அடுக்க ஆரம்பித்தான். அண்ணி தன் கையுறைகளை ஒவ்வொன்றாக அட்டைப்பெட்டியில் வைத்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, அண்ணன் அடுக்கியதில் மேலே இருந்ததை எடுத்து, தொங்கிய நூலை ஊசியில் கோத்தாள்.

"ஏய், அதை விடு! அப்புறம் ஒருத்தனும் வாங்க மாட்டான்!" என்று அண்ணன் கத்தினான்.

அண்ணி அதை முடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.